கப்பல் டூர்: ஜன்னல் இல்லாத ரூம் எடுத்தா மிச்சமா?

முள்ளுகத்தரி: நேத்து காட்பாடி ஜங்ஷன் இங்க போட்டத படிச்சதுல இருந்து மனசு ஆறல. கப்பல் டூர்ல காசு மிச்சம் பண்ணணும்னா கண்ண மூடிக்கினு ஜன்னல் இல்லாத ரூம் எடுங்க, தூங்கத்தான ரூமுன்னு எழுதிக்கிறாரு. போன வருஷம் சிங்கப்பூர்ல ஏறி பினாங்கு, புக்கெட்னு நானும் வீட்டம்மாவும் அப்படித்தான் போனோம், மேல் மாடி, முன்பக்க ரூம். லைட்ட அணைச்சா கிணத்துக்குள்ள எறங்கின மாதிரி கும்மிருட்டு. விடியலன்னு நெனச்சு பொரண்டு படுத்தேன், பாத்தா மணி பத்தாவப் போவுது, டிபன மூடப் போறாங்க. கடல் பாக்கப் போயி செவுத்த பாத்துட்டு வரதுக்கு பேரு மிச்சமா?

காட்பாடி ஜங்ஷன்: அலாரம் வைக்காதது ரூமோட தப்பா? அதே கப்பல், அதே சாப்பாடு, அதே நீச்சல் குளம். பால்கனி ரூம்காரனுக்கு தனியா பிரியாணி போடறானா? கடல் வேணும்னா மேல டெக்குக்குப் போயி ராத்திரி முழுக்க நின்னு பாருங்க, யாரு கேக்கப் போறா. ரூம் நம்பர அவங்களே ஒதுக்கற மாதிரி புக் பண்ணா இன்னும் கொறையும். என் பசங்க ரெண்டு பேரையும் அதே ரூம்ல மூணாவது, நாலாவது ஆளா போட்டேன், அவங்களுக்கு டிக்கெட்டு கம்மிதான்.

முள்ளுகத்தரி: போர்ட் சார்ஜு ஜன்னல் இருந்தாலும் அதே, இல்லாட்டியும் அதே. டிப்ஸு தலைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்ளோன்னு டாலர்ல போடறான், உங்க பசங்களுக்கும் சேத்துத்தான். அத ஏன் எழுதல? மிச்சம் பண்றதுன்னா எறங்கற ஊர்ல பண்ணுங்க. பினாங்குல கப்பல்காரன் டூர் வேணாம்னுட்டோம், துறைமுகத்துல இருந்து லிட்டில் இந்தியா நடந்து போற தூரம், தமிழ்லயே பேசி இட்லி சாப்ட்டோம். அத விட்டுட்டு ஜன்னல்ல போயி கை வைக்கறதா?

அகழித்தண்ணி: தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம வேலூர சொல்லுவாங்க. இப்ப ஜன்னல் இல்லாத கப்பல்.

சேண்பாக்கம்: சாமி இல்லாத கோயில்னு இன்னுமா சொல்லிக்கினு கீறீங்க? 1981லயே ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியில இருந்து கோட்டைக்குள்ள வந்துட்டாரு. ஊர்க்காரனே இப்படி எழுதினா வெளியூர்க்காரன் இன்னா பேசமாட்டான்?

அகழித்தண்ணி: பழமொழிங்க அது. 2021 நவம்பர்ல பாலாத்துல வெள்ளம் வந்துச்சே, அதுக்காக மாத்திட்டாங்களா?

முள்ளுகத்தரி: கோயில் பேச்ச அப்பால வெச்சிக்கோங்க, ஜன்னலுக்கு பதில் வரல. ரெண்டாவது நாள் வீட்டம்மாக்கு ஒரே தலைசுத்தல், வாந்தி. தூரத்துல கடலும் வானமும் ஒட்டற எடத்தையே பாத்துக்கினு இருந்தா அடங்கும்னாங்க. ரூம்ல எத பாக்கறது, பீரோவையா? ஒரு கையில பேப்பர் கவரு, ஒரு கையில அவங்களப் புடிச்சிக்கினு லிப்ட்டுக்கு நின்னது எனக்குத்தான் தெரியும்.

காட்பாடி ஜங்ஷன்: நடுவுல, கீழ் மாடியில எடுத்தா ஆட்டம் கம்மி. நீங்க இருந்தது மேல் மாடி, முன்பக்கம்னு நீங்களே சொல்லிக்கிறீங்க. பஸ்ல கடைசி சீட்டுல உக்காந்துக்கினு தூக்கிப் போடுதுன்னா டிரைவர் இன்னா பண்ணுவான்?

ஏலகிரிக்காத்து: நான் தனியா போனேன், கிட்டத்தட்ட ரெண்டு ஆள் காசு வாங்கிட்டான். கப்பல் ஏறினதும் போன ஏரோப்ளேன் மோடுல போட்டதுதான் நான் பண்ண ஒரே மிச்சம், நடுக்கடல்ல கப்பல் சிக்னல புடிச்சா ரோமிங் பில்லு தீட்டிடும். தனியா போறவங்களுக்கு வழி இருந்தா சொல்லுங்களேன்.

முள்ளுகத்தரி: முன்பக்கம் நானா கேட்டேன்? ரூம் நம்பர அவங்களே ஒதுக்கற மாதிரி எடுங்க, கொறையும்னு போன வருஷமும் இதே எடத்துல எழுதினது யாரு, நீங்கதான, அத நம்பித்தான் புக் பண்ணேன், அவங்க முன்னாடி கொண்டு போயி போட்டாங்க, இப்ப நடுவுல எடுக்கலையான்னு என்னையே கேக்கறீங்க. ஒண்ணு நடுவுல எடுங்கன்னு சொல்லுங்க, இல்ல அவங்க குடுக்கறத எடுங்கன்னு சொல்லுங்க.

காட்பாடி ஜங்ஷன்: ஏலகிரி வேன் கணக்குல 600 ரூபா இன்னும் உங்க பக்கம் நிக்குது. மிச்சத்த பத்தி நீங்க எனக்கு சொல்றீங்க.

முள்ளுகத்தரி: வேன இழுத்ததே நீங்க, அதனால சொல்றேன். மலைக்கு 14 வளைவு. ஏற சொல்லவும் எறங்க சொல்லவும் ஜன்னல் சீட்ட ஒருத்தருக்கும் விடாம, எனக்கு காத்து வரணும்னு உக்காந்துக்கினு வந்தவரு நீங்க. எங்க வீட்டம்மா கேட்டதுக்குக் கூட எழுந்திரிக்கல. ஒன்றரை மணி நேர வேனுக்கு உங்களுக்கு ஜன்னல் வேணும், நாலு ராத்திரி கப்பலுக்கு எங்களுக்கு வேணாமா?

காட்பாடி ஜங்ஷன்: வேனும் கப்பலும் ஒண்ணா? மொதல்ல அந்த 600.

சேண்பாக்கம்: அகழித்தண்ணி, அந்த கோயில் வரிய எடுத்தீங்களா இல்லையா?