விறைப்புக் குறைபாடு: சேலத்தில் எது நிஜ சிகிச்சை, எது ஏமாற்று?

செவ்வாய்ப்பேட்டை_41:
வயது 41, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் ஓடுது. விறைப்பு சரியா நிக்கல. இப்போதைக்குக் காதுக்கு வந்தது நாலு வழி: புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜுக்கு மாசம் ஒருநாள் வர்ற வைத்தியர், ஃபோன்ல விக்கிற 90 நாள் மூலிகை கேப்ஸ்யூல், ஏற்காட்டுல வாங்குற தைலம், ஒரு கிளினிக்ல ஷாக்வேவ் (உறுப்புல ஒலி அலை செலுத்துற சிகிச்சை) ஆறு சிட்டிங். எதை நம்பலாம்? எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?

மருந்தாளுநர்_அம்மாபேட்டை:
விளம்பரத்தை வச்சே பாதியைக் கழிச்சிடலாம் சார். ஆண்மைக் குறைவுக்கு மருந்துன்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷ மருந்து, மாய நிவாரணச் சட்டப்படி குற்றம். முதல் தடவை மாட்டினா ஆறு மாசம் வரை சிறை. ஆகவே சுவரொட்டி, வாட்ஸ்அப், "வாலிப வயோதிக அன்பர்களே" மைக் எல்லாமே அந்த இடத்துலயே சட்டத்தை மீறியாச்சு.

அடுத்து டப்பாவைத் திருப்பிப் பாருங்க. சித்த, ஆயுர்வேத மருந்துன்னா தயாரிப்பு உரிமம் எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உள்ள என்னென்ன எவ்வளவுன்னு இருக்கணும். 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் மட்டும் இருந்தா அது உணவுப் பொருள். நோயைத் தீர்க்கும்னு சொல்லி அதை விக்கக் கூடாது.

இன்னொண்ணு, இதுதான் உயிர்ப் பிரச்சினை. மூலிகைன்னு வாங்கின கேப்ஸ்யூல் ஒரு மணி நேரத்துல வேலை செஞ்சா, சில்டெனாஃபில் (வயாகராவுல இருக்கிற மருந்து) கலந்திருக்குன்னு சந்தேகப்படுங்க. இப்படிச் சொல்லாமக் கலந்ததை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ பலமுறை பிடிச்சு எச்சரிக்கை விட்டிருக்கு. நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் சாப்பிடுறவர் தெரியாம இதையும் போட்டா பிரஷர் அதலபாதாளத்துக்குப் போயிடும், ஆளே போயிடலாம்.

யூராலஜி_டாக்டர்:
சர்க்கரை இருப்பதால் முதலில் பரிசோதனை, பிறகுதான் மருந்து. வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, ரத்த அழுத்தம், காலை 10 மணிக்குள் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்). கடைசியது 300 ng/dL-க்குக் கீழே வந்தால் இன்னொரு நாள் காலையில் திரும்ப எடுக்க வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட ஆரம்பிப்பவரிடம் போகாதீர்கள். அந்த ஊசி விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும், குழந்தை வேண்டுமென்பவருக்கு ஆகாது. இதயத்தையும் விட்டுவிடாதீர்கள்: ஆணுறுப்பின் ரத்தக்குழாய் சிறியது, அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே விறைப்பு குறைவது உண்டு.

மாத்திரை சில்டெனாஃபில் அல்லது டடாலஃபில். இரண்டும் டாக்டர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய மருந்து. சில்டெனாஃபில் பொதுவாக 50 மி.கி., உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு. 24 மணி நேரத்தில் ஒன்றுதான், 100 மி.கி.-ஐத் தாண்டக் கூடாது. "வேலை செய்யவில்லை" என்று வருபவர்களில் நிறைய பேர் பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டு உடனே போட்டவர்கள். கொழுப்புச் சாப்பாடு மருந்து ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஆசை தூண்டப்படாமல் மாத்திரை மட்டும் எதையும் செய்யாது. ஒரு தடவையில் முடிவுகட்டாமல் ஆறேழு தடவை பார்க்க வேண்டும். டடாலஃபில் 36 மணி நேரம் வரை நிற்கும், சாப்பாட்டுத் தொல்லை இல்லை. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் சாப்பிடுபவர் கட்டாயம் சொல்லியாக வேண்டும்; பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். விறைப்பு நாலு மணி நேரம் தாண்டி இறங்காவிட்டால் நேராக அவசரப் பிரிவு.

மாத்திரைக்கு மசியாவிட்டால் வேக்குவம் பம்ப் (அதோடு உறுப்பின் அடியில் மாட்டும் வளையம் 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்), உறுப்பில் போடும் ஊசி, கடைசியாக இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்ளே பொருத்தும் கருவி). ஷாக்வேவும் பிஆர்பி ஊசியும் (நம் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடுவது) இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான். அதைச் சொல்லாமல் பேக்கேஜ் போட்டு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நீளம் கூட்டும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் யூராலஜி பிரிவு இருக்கிறது, புற நோயாளியாகப் போய்ப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_41:
ரொம்ப நன்றி டாக்டர். சித்த மருத்துவமே வேணாம்கிறீங்களா? அந்தத் தைலம்?

சித்தா_பிஎஸ்எம்எஸ்:
சித்த மருத்துவரையும் லாட்ஜ் வைத்தியரையும் ஒரே தட்டில் வைக்காதீங்க ஐயா. பட்டம், சித்த மருத்துவ மன்றத்தில் பதிவெண், நிரந்தர முகவரி மூன்றையும் கேளுங்க. மாதம் ஒருநாள் வருகிறவருக்கு மறுநாள் வாந்தி வந்தால் யாரிடம் போவீங்க? அவர் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் பஸ்பம், செந்தூரம் (உலோகம், தாது புடம்போட்ட பொடி) கையால் தொடக்கூடாதது. சரியாக முடிக்காத மருந்தில் ஈயமும் பாதரசமும் நின்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். "கைப்பழக்கத்தால் நரம்பு செத்துப்போச்சு" என்றால் அங்கேயே தெரிந்துகொள்ளுங்க, அப்படி எதுவும் நடப்பதில்லை.

அரசு சித்தா பிரிவில் அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் வாங்கலாம். உடல் தளர்ச்சிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிறோம். சர்க்கரையால் கெட்ட ரத்தக்குழாயை அது சரியாக்கும் என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம், தைராய்டு உள்ளவருக்கு தைராய்டு ஹார்மோன் அளவு மாறலாம். அதனால் இரண்டு மருத்துவருக்கும் தெரிந்து எடுங்க.

தைலத்துக்கு விறைப்பைச் சரிசெய்யும் வழியே இல்லை. ஏற்காட்டில் விற்கும் யூகலிப்டஸ் தைலம் சளிக்கு ஆவி பிடிக்க நல்லது; அந்த மெல்லிய தோலில் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். சில தைலத்தில் மரத்துப்போகச் செய்யும் மருந்து சேர்த்திருப்பார்கள். ஆணுறையோடு எண்ணெய் பட்டால் ரப்பர் கிழிந்துவிடும்.

கொண்டலாம்பட்டி_நுகர்வோர்:
ஃபோன் கோர்ஸ் ஆளுங்க எப்படிப் போவாங்கன்னா: முதல் பார்சல் சின்னத் தொகை, அப்புறம் "உங்க உடம்புக்கு ஸ்ட்ராங் டோஸ் வேணும்"னு பெரிய தொகை, அப்புறம் ஜிஎஸ்டி கட்டணும், ரீஃபண்டுக்கு டெபாசிட் கட்டணும்பாங்க. நிறுத்தினா வீட்டுல சொல்லிடுவோம்னு மிரட்டல். இந்தக் கூச்சத்தை நம்பித்தான் அவங்க தொழிலே நடக்குது. மிரட்டலுக்குப் பணம் கொடுத்தா திரும்பவும் கேப்பாங்க, ஒரு ரூபாயும் கொடுக்காதீங்க. ஏற்கெனவே கட்டியிருந்தா உடனே 1930-க்குக் (சைபர் மோசடி உதவி எண்) கூப்பிடுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் அந்தக் கணக்கை முடக்க வழியிருக்கு. சாட், கால் ரெக்கார்டு, யுபிஐ எண் எதையும் அழிக்காதீங்க. டப்பாவை பில்லோட எடுத்துக்கிட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்துல எழுத்துல புகார் கொடுங்க, மீதி கேப்ஸ்யூலைத் தூக்கிப் போடாம வைங்க, ஆய்வகத்துக்கு அனுப்ப அதுதான் வேணும்.