உரத்தடையும் கொழுந்துக் கணக்கும்: இலங்கை, 2021

கூடலூர்:
இங்கே டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் பலருக்கு இலங்கையின் ஹட்டன், நுவரெலியா பக்கம் சொந்தம் உண்டு. அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வரும்: ஒரே கையெழுத்தில் ரசாயன உர இறக்குமதியை நிறுத்திய இலங்கை அரசு, ஏழே மாதத்தில் ஏன் இறங்கி வந்தது? 2019 கடைசியில் வாட் வரியை 15லிருந்து 8 சதவீதமாக்கினார்கள். அடுத்த வருசம் கொரோனா, சுற்றுலா படுத்தது. டாலர் வற்றியதும் கண்ணில் பட்டது உர இறக்குமதி, வருசத்துக்குச் சுமார் 26 கோடி டாலர். தேயிலை கொண்டுவந்ததோ 120 கோடிக்கு மேல்! பத்து வருசத்தில் இயற்கை விவசாயம் என்பது தேர்தல் வாக்குறுதி; 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் (அரசிதழில்) முடித்துவிட்டார்கள். எச்சரித்தவர்கள் இருந்தார்கள். ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டிய 20ஆவது அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு ஜனாதிபதி அதைக் காதில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கோத்தகிரி:
தோட்டக் கணக்கைப் பார்த்தாலே போதும்ங்க. 100 கிலோ தேயிலைத் தூளோடு சுமார் 4 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) தோட்டத்தை விட்டு வெளியே போகுது. ஹெக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து போடணும்னா யூரியா 217 கிலோ, நம்ம 45 கிலோ மூட்டையில் அஞ்சுகூட ஆகாது. ஒரு சதவீதச் சத்துள்ள கம்போஸ்ட்னா 10 டன். அதைச் சரிவில் தலைச்சுமையா ஏத்தணும். ஏத்தினாலும் முதல் வருசமே முழுச்சத்தும் கிடைக்காது. அரைகுறையா மக்கினதைப் போட்டா மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் அதுவே இழுத்துக்கும்.

ஏமாத்துறது முதல் சில மாசம்தான். செடியில பழைய சத்து இருக்கும், கொழுந்து வந்துக்கிட்டே இருக்கும், ஒண்ணும் ஆகலைன்னு மேலே ரிப்போர்ட் போகும். அப்புறம் பஞ்சி (வளராம நின்னுபோன கொழுந்து) கூடும், பறிப்புச் சுற்று நீளும். இலங்கைத் தேயிலை உற்பத்தி 2021ல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ, 2022ல் 25 கோடி.

குன்னூர்:
கோத்தகிரி அண்ணா சொன்ன அந்தத் தாமதம்தான் வினை. அக்டோபரில் தேயிலைக்கு விலக்கு, நவம்பரில் தடையே போச்சு. அதற்குள் உலகச் சந்தையில் யூரியா விலை வருச ஆரம்பத்தில் இருந்ததைவிட இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. சீனாவிலிருந்து வந்த இயற்கை உரக் கப்பலில் செடிக்கு நோய் தரும் எர்வினியா பாக்டீரியா இருக்கிறது என்று சரக்கை மறுத்தார்கள். ஆனாலும் 67 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. நெல் விவசாயிகளுக்கு அறிவித்த நிவாரணம் அவர்கள் ரூபாயில் 4,000 கோடி, அன்றைய அரசு மதிப்பில் சுமார் 20 கோடி டாலர். மிச்சம் பிடிக்கப்போன தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதானே!

கூடலூர்:
அரிசியை விட்டுட்டீங்க. ஆகஸ்ட் கடைசியில் அவசரகால விதி போட்டு, பதுக்கலைப் பிடிக்க ஒரு மேஜர் ஜெனரலை நியமித்தார்கள். அரிசி ஆலைக்காரர்கள் அரசு வைத்த கட்டுப்பாட்டு விலைக்கு இறங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் அந்த விலையையே எடுத்துவிட்டார்கள்.