பதில்: பத்தாயப்புரையை இடிக்க வேண்டுமா?

அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர்வகைப் பத்தாயப்புரையை, அதாவது ஊர்க் குடும்பங்களுக்குப் பொதுவான பழைய நெல் களஞ்சியத்தை, இடித்துவிட்டுக் கட்டலாம் என்று ஷார்ஜா அண்ணாச்சி அனுப்பிய கல்யாண மண்டப பிளானைப் பார்த்தேன். ஏசி ஹால், கீழே பார்க்கிங், முகப்பு பூரா கண்ணாடி. கோபத்தில் எதையாவது எழுதிவிடக் கூடாது என்று ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தோவாளையிலிருந்து நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் எத்தனை மண்டபம் கண்ணில் படுகிறது என்று பஸ்ஸில் போகிறவர்களைக் கேளுங்கள். அந்த வரிசையில் இன்னொன்றுக்காக ஊர்வகைப் பத்தாயப்புரையை இடிப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

ஆவணியில் ஊருக்குப் போனபோது சாவி வாங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகமும் அடித்து நெல் வந்து குவிந்த இடம். இப்போது வௌவால் வாடை. ஆனால் மரம் மரமாகவே இருக்கிறது. உத்திரம் முழுக்கத் தேக்கு, கூரைச் சரிவின் கழுக்கோல் அயனி மரம். கூட வந்த மரஆசாரி உளியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். வடக்கே மூன்று கழுக்கோல், கிழக்கு மூலையில் ஓடு தாங்குகிற பட்டியல் கட்டை கொஞ்சம், இவ்வளவுதான் சிதல் (கறையான்) தின்றது. “இந்த மரத்த இன்னைக்கு வாங்கணும்னா உங்க சங்கத்தையே விக்கணும்” என்றார்.

கெட்டுப்போனது சுவர்தான். அது நம் கைங்கரியம். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நாம் எல்லாருமாகப் பணம் அனுப்பி “புதுப்பித்தோமே”, ஞாபகம் இருக்கிறதா? வெட்டுகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட சுவருக்கு மேலே சிமென்ட் பூசி எமல்ஷன் அடித்தோம். சுண்ணாம்புச் சுவர் மழையில் நனையும், வெயிலில் காயும். அதன் இயல்பே அதுதான். சிமென்ட் அதன் வாயைக் கட்டிவிட்டது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, இடுப்புயரம் வரை கல் மாவாக உதிர்கிறது. அன்று மேற்பார்வை பார்த்தவன் நான்தான், அதனால் வேறு யாரையும் குற்றம் சொல்லவில்லை.

சரிசெய்வது பெரிய வித்தையில்லை. சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காய விட வேண்டும். பிறகு சுண்ணாம்பிலேயே பூசவேண்டும். நமக்கு எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. தையிலிருந்து சித்திரை வரைதான் சுவர் வேலை செய்ய முடியும். அவசரப்பட்டால் பழைய கதைதான். சிமென்ட்டைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: உலகத்தில் வெளியாகும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். சுண்ணாம்பும் சூளையில் வெந்து புகை விட்டு வருவதுதான், ஆனால் இறுகும்போது அதில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். நின்றுகொண்டிருக்கிற சுவரை இடிக்காமல் இருப்பது எல்லாவற்றையும் விடச் சல்லிசு.

உள்ளே இருட்டு என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். நெல்லுக்குக் கட்டிய புரை, இருட்டாகத்தான் இருக்கும். அதற்காகச் சுவரை உடைத்து ஜன்னல் வைக்க வேண்டாம். மங்களூர் ஓட்டின் அளவிலேயே கண்ணாடி ஓடு கிடைக்கிறது. இடையிடையே மாற்றிப் போட்டால் பகலில் விளக்கே வேண்டாம். கக்கூஸைத் தனியாக வெளியே கட்டுவோம், தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகக் கூடாது. ஒயரிங்கும் சுவரைக் கீறாமல் மேலோடு ஓடட்டும். மரக் கட்டடம் என்பதால் அடுப்பு மட்டும் கூடவே கூடாது, டீ வெளியிலிருந்து வரட்டும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயம். கட்டடத்தைச் சரிசெய்துவிட்டு, ரிப்பன் வெட்டி, வருஷத்துக்கு ஒரு பொங்கல் விழா நடத்தினால் அது மறுபடியும் வௌவாலுக்குத்தான். தினமும் ஆள் நடமாடினால்தான் ஒழுகுகிற ஓடு அன்றைக்கே கண்ணில் படும். நடமாடுகிறவர் கொஞ்சம் வாடகையும் கொடுத்தால்தான் அந்த ஓட்டை மாற்ற ஊர்க்காரர்கள் நம்மிடம் கை நீட்டாமல் இருப்பார்கள்.

பத்மநாபபுரம் அரண்மனையைப் பாருங்கள். திருவிதாங்கூர் ராஜாக்களுடைய அரண்மனை அது. 1956-ல் நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும் இன்று வரை கேரளத் தொல்லியல் துறைதான் அதைப் பராமரிக்கிறது. டிக்கெட் விற்கிறது, கூட்டம் வருகிறது, மரம் பளபளக்கிறது. நம் பத்தாயப்புரையை டிக்கெட் எடுத்துப் பார்க்க யார் வரப்போகிறார்கள்? நமக்கு அந்த வழி ஆகாது.

கொச்சி வேறு மாதிரி. 1867-ல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கிட்டங்கிகளில் (சரக்குக் கிடங்குகளில்) 2012 டிசம்பரில் பினாலே என்கிற கலைத் திருவிழா முதல் முறையாக நடந்தது. மிளகும் இஞ்சியும் நாறிய இடத்தில் ஓவியம் பார்க்க உலகமே வந்தது. சுற்றுவட்டாரத்தில் பெப்பர் ஹவுஸ், டேவிட் ஹால் என்று பழைய கட்டடங்கள் கண்காட்சிக் கூடமாகவும் காபிக் கடையாகவும் உயிர் பெற்றன. எனக்கு ரொம்பப் பிடித்த ஊர். ஆனால் திருவிழா நடத்துகிறவர்களுக்கு அந்தக் கிட்டங்கி சொந்தமில்லை, அது ஒரு கவலை. திருவிழா இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்பது இன்னொன்று.

சிங்கப்பூரில் ஆர்மீனியன் தெருவில் ‘சப்ஸ்டேஷன்’ என்று ஓர் இடம் இருந்தது. பழைய மின்சாரத் துணைநிலையம். நாடகக்காரர் குவோ பாவ் குன் 1990-ல் அதைக் கலைக்கூடமாகத் திறந்தார். செலவுக்குக் கட்டுப்படியாகாமல் பின்பக்கத் தோட்டத்தை ஓர் உணவகத்துக்கு விட்டார்கள். தோட்டமே இடத்தின் உயிர் என்று நினைத்தவர்களுக்கு அதில் மனத்தாங்கல். அது தப்பு என்று நான் சொல்லமாட்டேன், வாடகை வேண்டுமே. கட்டடம் அரசாங்கத்துடையது. புதுப்பித்த பிறகு வேறு குழுக்களோடு பகிர்ந்துகொள்ளவேண்டும் என்று அரசாங்கம் சொன்னதில் ஒத்துவராமல் 2021-ல் வெளியேறிவிட்டார்கள். முப்பது வருஷம் ஓடிய இடம். நமக்கு இருக்கிற ஒரே பெரிய பலம், புரை ஊர்வகைச் சொத்து. நம்மை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது.

யார் வருவார்கள்? நான் இரண்டு பேரிடம் பேசினேன். வில்லுப்பாட்டும் பக்திப் பாட்டும் பதிவு செய்கிற ஒரு தம்பி, நாகர்கோவிலில் மாடி அறையில் லாரி ஹாரனோடு மல்லுக்கட்டுகிறான். நம் சுவர் கனத்தையும் மேலே இருக்கிற மர மச்சையும் பார்த்ததும் கைதட்டி எதிரொலி கேட்டான், முகம் மலர்ந்தது. தோவாளை மாணிக்க மாலை என்கிற பூமாலை கட்டுகிற ஒரு குடும்பத்துக்கு, சொல்லிக்கொடுக்க இடம் வேண்டும். வடசேரிக் கோயில் நகைக்காரரையும் கூப்பிடலாம் என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அவர் வரமாட்டார். அவருக்கு வீடும் பட்டறையும் ஒன்றுதான்.

இருவரும் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை வருஷத்துக்கு எழுதித் தருவீங்க?” ஒரு வருஷத்துக்கு மேலே போனால் 1908 பதிவுச் சட்டப்படி பத்திரம் பதியணும் என்று நம்மூரில் எல்லாரும் பதினோரு மாசத்தில் நிறுத்திக்கொள்வார்கள். பதினோரு மாசத்தை நம்பி எவன் மரப்பலகையும் மைக்கும் வாங்கிப் போடுவான்? ஐந்து வருஷம் பதிந்து கொடுப்போம். சாயங்காலமும் ஞாயிறும் ஊர்ப் பிள்ளைகள் வில்லுப்பாட்டு பழக இலவசம் என்றும் பத்திரத்திலேயே எழுதுவோம்.

பணம் அனுப்பும் முன் ஒன்று. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் சிக்கலில்லை. குடியுரிமை மாறி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருக்கிறவர்கள் அனுப்பினால் அது 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி (FCRA) வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கான பதிவு நம் டிரஸ்டிடம் இல்லை. மச்சினன் கணக்கில் போட்டுக் கைமாற்றுகிற யோசனை வேண்டவே வேண்டாம். லண்டன், டொரண்டோ அக்காமார் மாலைக்கும் பாட்டுக்கும் ஆர்டர் பிடித்துத் தாருங்கள், அதுவே பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்குச் சிலர் முகம் சுளிப்பீர்கள். பத்தாயப்புரைப் படிக்குக் கீழே நெல்லை இறக்கிவிட்டு, உள்ளே ஏறாமல் திரும்பிப் போனவர்களின் பேரன்தான் அந்த ஒலிப்பதிவுத் தம்பி. ஊர்வகைக் குடும்பங்களுக்கு மட்டும்தான் வாடகை என்று தீர்மானம் போட்டால் என் பங்கு வராது.

தை பிறந்ததும் சிமென்ட்டைக் கொத்தத் தொடங்கவேண்டும். அதற்கு முன் கூரை ஓடுகளை எண்ணிக் கணக்கெடுக்க யாராவது ஊரில் இருப்பீர்களா? சாவி கீழத்தெருச் சித்தப்பாவிடம் இருக்கிறது. டார்ச் கொண்டு போங்கள், கிழக்கு மூலையில் தரைப்பலகை ஒன்று இல்லை.