தென்னாப்பிரிக்கா ஹோவிக் பக்கம் கருப்பு அன்னம், வேற யாராச்சும் பாத்தீங்களா?

சாட்ஸ்வர்த் பையன்:
ஈஸ்டர் லீவுல ஒரு பண்ணை டேம் கரையில பிராய் (நெருப்புல கறி சுடுறது) போட்டுட்டிருந்தோம், சின்னவ ஓடியாந்து அப்பா வாத்துக்கு பாம்பு கழுத்துன்னா, எகிப்து வாத்தா இருக்கும்னு நான் திரும்பவே இல்ல. அப்புறம் பாத்தா ஒத்தை கருப்பு அன்னம், தலைய தண்ணிக்குள்ள விட்டு பாசிய புடுங்கிட்டிருக்கு. திடீர்னு நிமிந்து றெக்கைய விரிச்சுச்சு பாருங்க, அம்புட்டு கருப்புக்குள்ள இருந்து பளீர்னு வெள்ளை. வேட்டிய உதறின மாதிரி. சாப்ஸ் கருகிப்போச்சு.

டோங்காட் அக்கா:
தம்பி அது ஸ்பர்விங் கூஸ், நம்ம ஊரு காட்டு வாத்து. அதுவும் பெருசு, கருப்பு, மூக்கு சிவப்பு. கரும்புத் தோட்டத்துப் பக்கம் நான் பாக்காததா.

சாட்ஸ்வர்த் பையன்:
அக்கா ஸ்பர்விங்குக்கு வயிறு வெள்ளை, றெக்கையில வெள்ளை தோள் பக்கம். இதுக்கு நுனியில. அலகு நுனிகிட்ட வெள்ளைப் பட்டை வேற. ஸ்பர்விங் எனக்குத் தெரியாதா?

மாரிட்ஸ்பர்க் மாமா:
தம்பி சொல்றது சரிதான். எங்க வீட்டுக்குப் பக்கத்து எஸ்டேட் குளத்துல ஒரு ஜோடி வளத்தாங்க, நாய் ஒண்ண அடிச்சிருச்சு, மிச்சது ராத்திரி பூரா ஊதல் ஊதுற மாதிரி கத்துச்சு. அது கிடக்கட்டும். பிரெட் போடாதீங்க. கூடு இருந்தா கிட்டப் போகாதீங்க, ஆண் பொட்டை ரெண்டும் மாறி மாறி அடை காக்கும், சீறிட்டு வரும். வளக்குறவங்க றெக்கைய வெட்டாம விட்டா பறந்துரும், அப்புறம் யாரு புடிக்கிறது? ஆஸ்திரேலியாப் பறவை அது. நியூசிலாந்துல கிரைஸ்ட்சர்ச் ஆத்துல வாட்டர்கிரெஸ்னு ஒரு தண்ணிக்கீரை அடைச்சிருச்சுன்னு அதைத் திங்க 1860கள்ல கொண்டாந்து விட்டாங்க, நம்ம ஆளுங்க இந்தியாவுல இருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு 1860ல ட்ரூரோ கப்பல்ல டர்பன்ல இறங்கின அதே காலம். இப்ப அங்க ஆயிரக்கணக்குல இருக்கு. அதனால பாத்த உடனே வனவிலங்கு ஆபீசுக்கு சொல்லணும், சும்மா ரசிச்சிட்டு வரக்கூடாது.

பீனிக்ஸ்காரி:
மாமா, நம்ம மைனாவும் யாரோ கொண்டாந்து விட்டதுதான், இன்னிக்கு என் சமையக்கட்டு ஜன்னல்ல உக்காந்து இட்லி கேக்குது. அதுக்கு எந்த ஆபீசு? போன வருஷம் காலையில டர்பன் உம்கேனி ஆத்து முகத்துவாரத்துல நானும் ஒண்ணு பாத்தேன், கண்ணு சிவப்பா இருந்துச்சு, அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டே நின்னோம். வீட்ல யாருமே நம்பல.

டோங்காட் அக்கா:
முகத்துவாரத்துலயா? நீ பாத்தது நீர்க்காகமா இருக்கும்மா. தம்பி, உன் போட்டோ எங்க?

சாட்ஸ்வர்த் பையன்:
கையில இடுக்கி இருந்துச்சுக்கா. போன் கார்ல.