பேடிங்: பொந்து ஒன்று, இடநிறை ஒன்று

ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கணினி நினைவகத்தில் தரவுகளை அடுக்கும்போது இடையிலும் முடிவிலும் வரும் பயனற்ற இடமான பேடிங் (padding) என்பதற்கு நீங்கள் முன்வைத்த 'திணிப்பு' என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன், ஐயா. ஒப்பவில்லை. அதைக் கேட்டதும் தமிழர் காதில் இந்தித் திணிப்புதான் விழும். அதைவிடப் பெரிய சிக்கல், தானாக விடுபடும் காலி இடம், அதை அடைக்க நாமே சேர்ப்பது என்று வேறு வேறான இரண்டு பொருள்களை அந்த ஒரே சொல் சுமக்க வேண்டியிருக்கிறது.

இங்கே பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில், வலையில் வரும் தரவுப் பொட்டலங்களை (பாக்கெட்) சலிக்கும் வடிகட்டிகளோடுதான் என் பிழைப்பு. சென்ற வாரம் பல புலங்களை ஒரே பதிவாகக் கட்டும் ஒரு ஸ்ட்ரக்டை, அதன் காலி இடங்களைக் காட்டும் பாஹோல் கருவியில் போட்டுப் பார்த்தோம். முதலில் 1 பைட்டுக் கொடி, அடுத்து நினைவக முகவரி ஒன்றை வைத்திருக்கும் 8 பைட்டுச் சுட்டி, கடைசியில் இன்னொரு 1 பைட்டுக் கொடி. சுட்டி 8இன் மடங்கான முகவரியில்தான் தொடங்க வேண்டும். அதனால் முதல் கொடிக்குப் பின் 7 பைட்டு காலி, அடுத்த பதிவின் சுட்டியும் அப்படித் தொடங்க வேண்டுமே, முடிவில் மறுபடியும் 7 காலி. சரக்கு 10 பைட்டு, அடைக்கும் இடம் 24. சுட்டியை முன்னால் நகர்த்திக் கொடிகளை அடுத்தடுத்து வைத்ததும் 16 ஆகிவிட்டது. செயலி ஒரே மூச்சில் எடுத்துவரும் 64 பைட்டு கேஷ் வரியில் இப்போது நான்கு பதிவுகள் கச்சிதமாக உட்காருகின்றன. முன்பு மூன்றாவது பதிவே அடுத்த வரிக்குக் காலை நீட்டிக்கொண்டிருந்தது. வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அட்டவணையைத் துழாவும் நிரலில் இது சிறிய ஆதாயம் இல்லை.

அந்த 7 பைட்டை யாரும் திணிக்கவில்லை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் விட்டுவிட்டுப் போன இடம் அது. 'துளை' என்று ஒருவர் எழுதியிருந்தார். துளை என்றால் மறுபக்கம் தெரிய வேண்டும். இது மரப்பொந்து மாதிரி. கையை விட்டால் உள்ளே என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. புலங்களுக்கெல்லாம் தனித்தனியே மதிப்புக் கொடுத்தாலும் இந்த இடம் துடைபடும் என்ற உறுதி இல்லை. அப்படியே பயனர் நிரலுக்கு நகலெடுத்தால், கெர்னலின் தற்காலிக நினைவகமான ஸ்டாக்கில் முன்பு கிடந்த தரவு வெளியே கசிந்துவிடும். லினக்ஸில் இப்படிப்பட்ட கசிவுகளைப் பலமுறை அடைத்திருக்கிறார்கள். ஆகவே பொந்து.

அதை அடைக்க நாமே பெயரிட்டுச் சேர்த்துச் சுழியம் வைக்கும் புலம் வேறு. அதற்கு 'இடநிறை' என்கிறேன். செய்யுளில் பொருள் எதுவும் தராமல் ஓசையை நிறைக்க வரும் சொல்லை நம் இலக்கணம் இசைநிறை என்கிறது. அங்கே ஓசை, இங்கே இடம். இத்தனை பொருத்தமான வார்ப்பு வீட்டிலேயே இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை.

நேற்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் மதுரைத் தம்பியிடம், "இந்தப் பொந்தை இடநிறை போட்டு அடைத்துவிடுங்கள்" என்றேன். விளக்கம் கேட்கவில்லை, அந்த இடத்துக்குப் புலம் ஒன்றைச் சேர்த்துவிட்டார்.

இடநிறையைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தால் மாற்றிக்கொள்கிறேன், ஐயா. பொந்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.