ஜிம் ஹார்பா என்னும் பயிற்சியாளரை உருவாக்கியது அவருடைய குவார்ட்டர்பேக் வாழ்க்கையா?

வடகரையான்:
அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் பயிற்சித் திறனைப் புகழ்கிறவர்கள்கூட அவர் ஆடிய காலத்தை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவருடைய பயிற்சிக்கு வேரே அந்தக் காலம்தான் என்பது என் உறுதியான கருத்து. 1987இல் புதிய வீரர்களுக்கான ஆண்டுத் தேர்வில் சிகாகோ பேர்ஸ் அணி முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுத்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், அவர். பின்னர் இண்டியானாபொலிஸ், பால்டிமோர், சான் டியேகோ என்று ஊர் ஊராக மாறி ஆடினார். தலைமுறைக்கு ஒருவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் 1995ஆம் ஆண்டுப் பருவத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியை, பட்டத்துக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம் வரை கொண்டுசென்றார். அங்கே பிட்ஸ்பர்க்கிடம் 20-16 என்ற கணக்கில் தோற்றபோது, கடைசி நொடியில் அவர் எறிந்த நீண்ட பந்து ஏரன் பெய்லியின் கைவரை வந்து நழுவியது.

அப்படித் தட்டுத்தடுமாறி மேலே வந்தவருக்குத்தான் குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்தைப் புரிந்துகொள்ள முடிந்தது. 2005இல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆறு ஆண்டுகளில் 'தேறாதவர்' என்று பெயர் வாங்கிவிட்ட ஸ்மித், ஹார்பா சான் பிரான்சிஸ்கோவுக்குப் பயிற்சியாளராக வந்த முதல் ஆண்டான 2011இல் 16 ஆட்டங்களில் 5 பந்துகளை மட்டுமே எதிரணியிடம் பறிகொடுத்தார். அணி 13 ஆட்டங்களில் வென்றது.

தேனருவி:
வடகரையான் ஐயாவின் அலெக்ஸ் ஸ்மித் எடுத்துக்காட்டை ஏற்கிறேன். அதிலிருந்து அவர் வரும் முடிவை ஏற்க முடியவில்லை. களத்தில் பந்து எறிந்த அனுபவம்தான் பயிற்சியாளரை உருவாக்கும் என்றால், பார்ட் ஸ்டாரைவிடப் பெரிய பயிற்சியாளர் இருந்திருக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்காக ஆடி கிரீன் பே அணிக்கு முதல் இரண்டு சூப்பர் பவுல்களையும் வென்று தந்த அவர், அதே அணிக்கு 1975 முதல் 1983 வரை பயிற்சியளித்து 52 வெற்றியும் 76 தோல்வியும் கண்டார்.

ஹார்பாவின் வேர் அவருடைய வீட்டில் இருக்கிறது. தந்தை ஜாக் ஹார்பா வாழ்நாள் முழுவதும் பயிற்சியாளர். அண்ணன் ஜானும் அப்படியே. தந்தை வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, தொழில்முறை அணிகளின் தொடரான என்.எஃப்.எல்.லில் ஆடிக்கொண்டே சம்பளமில்லாத உதவிப் பயிற்சியாளராகப் பதிவு செய்துகொண்டு, அந்தச் சிறிய கல்லூரிக்கு மாணவ வீரர்களைச் சேர்த்துக் கொடுத்தவர் ஜிம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது அவருக்கு ஆசானாக இருந்த போ ஷெம்பெக்லரோ, பந்தை எறிவதைவிட ஏந்திக்கொண்டு ஓடுவதையே பெரிதாக நம்பியவர். அந்தப் பாடம்தான் ஹார்பாவிடம் கடைசிவரை நின்றது. 2006இல் ஒரே ஓர் ஆட்டத்தை வென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணி, ஹார்பாவின் பயிற்சியில் 2010இல் 12 வெற்றி, ஒரு தோல்வி என்ற நிலைக்கு வந்ததற்கு குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக் மட்டுமே காரணமில்லை. டோபி கெர்ஹார்ட்டின் ஓட்டத்தின் மீதுதான் அந்த அணி முதலில் எழுந்து நின்றது. 2023 நவம்பரில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக, அவர் பயிற்சியளித்த மிச்சிகன் ஆடியதை நினைத்துப் பாருங்கள்: தொடர்ச்சியாக 32 முறை ஓட்ட ஆட்டமே ஆடி 24-15 என்று வென்றார்கள். முன்னாள் குவார்ட்டர்பேக் ஒருவருடைய அணி இரண்டாம் பாதி முழுவதும் எறிந்த பந்து ஒன்றுகூடக் கணக்கில் ஏறவில்லை!

வடகரையான்:
அந்த 32 ஓட்டங்களையும் முடிவு செய்தவர் உதவிப் பயிற்சியாளர் ஷெரோன் மூர் என்பதை நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். ஹார்பா அன்று தடையில் இருந்தார். அரங்கத்துக்குள் வரவே அவருக்கு அனுமதியில்லை. மூர் கல்லூரியில் முன்வரிசைத் தடுப்பாளராக ஆடியவர், ஆகவே ஓட்டத்தை நம்பினார். ஸ்டார் பற்றிச் சொன்னீர்கள். டக் பெடர்சனை விட்டுவிட்டீர்கள். குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்கு மாற்று ஆளாகப் பல ஆண்டுகள் வெளியே அமர்ந்திருந்த அவர்தான், மாற்று குவார்ட்டர்பேக்கான நிக் ஃபோல்ஸைக் கொண்டு ஃபிலடெல்பியாவுக்கு 2018 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்று தந்தார். மகா வீரர்களுக்கு இயல்பாகக் கைவந்ததை இப்படிப்பட்டவர்கள் பாடுபட்டுக் கற்கிறார்கள். ஆகையால் கற்றுக்கொடுக்கவும் முடிகிறது.

தேனருவி:
மூரை அழைத்துவந்து, முன்வரிசைப் பயிற்சியையும் பின்னர் தாக்குதல் ஆட்டம் முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தவர் யார்? ஹார்பா குவார்ட்டர்பேக்காக யோசித்த வேளையைப் பார்க்க வேண்டுமானால் 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுலைப் பாருங்கள். எதிரில் அண்ணனின் பால்டிமோர் அணி. ஹார்பாவின் சான் பிரான்சிஸ்கோ 34-29 என்று பின்தங்கிய நிலை. ஓட்ட வீரர் ஃபிராங்க் கோர் 33 கெஜம் ஓடிப் பந்தை 7 கெஜக் கோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுத்து வேறொருவரின் ஓட்டம், 2 கெஜம். அதன்பின் மூன்று முறையும் மைக்கேல் கிராப்ட்ரீயை நோக்கியே எறிந்தார்கள், மூன்றும் பிடிபடவில்லை. கோரின் கையில் பந்து மறுபடி ஒருமுறைகூடப் போகவில்லை. அந்த நான்கு முயற்சிகளை இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

நெடுஞ்சேரல்:
இருவரும் 'தடையில் இருந்தார்' என்று ஒரு சொல்லில் கடந்துவிட்டீர்கள். 2023 பருவத்தில் ஆறு ஆட்டங்களுக்கு அவர் களத்தோரம் நிற்கவில்லை: கொரோனாக் காலத்து மாணவர் சேர்ப்பு விதிமீறலுக்காக முதல் மூன்று, எதிரணிகளின் சைகைகளைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த விவகாரத்துக்காக வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று. அவர் என்.எஃப்.எல். அணியான சார்ஜர்ஸுக்குப் போன பிறகு, 2024 ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ., அவர் கல்லூரிகளில் பயிற்சியளிப்பதற்கு நான்கு ஆண்டுக் கட்டுப்பாட்டை விதித்தது. அடுத்த ஆண்டு சைகை விவகாரத்தில் மேலும் பத்து ஆண்டுகளைச் சேர்த்தது. தனக்குக் கீழே நடப்பதை அறிந்திருப்பது தலைமைப் பயிற்சியாளரின் முதற்கடமை அல்லவா?

வடகரையான்:
கடமைதான்; அதை நான் மறுக்கவில்லை, நண்பரே. ஆனால் சைகைகளைப் பதிவு செய்த ஊழியர் விலகி, எல்லா அணிகளும் தங்கள் சைகைகளை மாற்றிக்கொண்ட பிறகுதான் மிச்சிகன் ஒஹாயோ ஸ்டேட்டையும் அலபாமாவையும் வாஷிங்டனையும் வென்று 15-0 என்று பட்டம் பெற்றது. அந்த வெற்றிகளைத் திருட்டின் கணக்கில் எழுதுவது வீரர்களுக்குச் செய்யும் அநீதி.

நெடுஞ்சேரல்:
வீரர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2021, 2022ஆம் ஆண்டு வெற்றிகள் சைகை மாற்றத்துக்கு முந்தியவை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஐந்து முறை தொடர்ந்து ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்றவர் அந்த 2021இல்தான் முதன்முதலாக வென்றார்.

தேனருவி:
நெடுஞ்சேரல் சொல்வது நியாயம். பட்டத்தோடு சேர்த்து இதையும் எழுதத்தான் வேண்டும். வடகரையான் ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி. 2024இல் சார்ஜர்ஸுக்கு வந்ததும் புதிய வீரர் தேர்வில் ஐந்தாம் இடத்தில் ஹார்பாவின் அணி தேர்ந்தெடுத்தவர் ஜோ ஆல்ட் என்னும் முன்வரிசைத் தடுப்பாளர். பந்து பிடிக்கும் வீரரை எடுக்கவில்லை. எறிவதை நம்பியவர் செய்யும் தேர்வா அது?

வடகரையான்:
பின்னாலிருந்து பாய்ந்து வருகிறவர்களிடம் அடி வாங்கிய குவார்ட்டர்பேக் செய்யும் தேர்வு அதுதான். அந்தப் பருவத்தின் 17 ஆட்டங்களில் சார்ஜர்ஸின் குவார்ட்டர்பேக் ஜஸ்டின் ஹெர்பர்ட் பறிகொடுத்தவை மொத்தமே 3 பந்துகள். அதற்கு முந்தைய ஆண்டு 5 ஆட்டங்களை மட்டும் வென்ற அணி 11 ஆட்டங்களில் வென்றது.

தேனருவி:
அதே ஹெர்பர்ட் ஹூஸ்டனில் நடந்த பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் சுற்று) ஆட்டத்தில் மட்டும் 4 பந்துகளைப் பறிகொடுத்தார். 32-12 என்று தோற்றார்கள். ஓட்ட ஆட்டம் எடுபடாமல் எல்லாப் பாரமும் எறிபவர் தலையில் விழுந்த ஆட்டம் அது. தன் அணி அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது என்றுதான் ஹார்பா தன் பயிற்சி வாழ்க்கை முழுவதும் பாடுபட்டிருக்கிறார் என்கிறேன்.