ரியர் வீல் டிரைவ் காரைப் பனியிலும் ஐஸிலும் ஓட்டுறது எப்படி?

கேள்வி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குளிர்காலம். பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஒண்ணு பேசி வச்சிருக்கேன். ஆட்டோமேட்டிக், ரியர் வீல் டிரைவ், அதாவது பின்சக்கரம் ரெண்டும்தான் வண்டியைத் தள்ளும். ஆபீஸ்ல எல்லாரும் "பனி விழுந்தா அது வாசலைத் தாண்டாது, ஆல் வீல் டிரைவ் எடு"ன்னு பயமுறுத்துறாங்க. வாங்கலாமா? வாங்கினா என்னென்ன பண்ணணும்?

பதில்:
தாராளமா வாங்கலாம். ஆனா வண்டி விலையோட நாலு விண்டர் டயர், அதுக்குத் தனியா நாலு ரிம், ரெண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. அந்தக் காசுக்கு இப்போ வழியில்லைன்னா இந்த வண்டியே வேண்டாம். விண்டர் டயர் போட்ட ரியர் வீல் டிரைவ், சம்மர் டயர்ல ஓடுற ஆல் வீல் டிரைவை விட ஒழுங்கா திரும்பும், சீக்கிரம் நிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிறது கிளம்பவும் மேடு ஏறவும் உதவும். பிரேக் பிடிக்கும்போது எல்லா வண்டிக்கும் நாலு டயர்தான்.

இந்த வண்டிக்கு ஏன் கெட்ட பேருன்னு முதல்ல பார்த்துடலாம். முன்சக்கரம் இழுக்கிற கார்ல இன்ஜினும் கியர்பாக்ஸும் அந்தச் சக்கரத்து மேலயே உக்காந்திருக்கும். எடையில சுமார் 60 சதவீதம் அங்கதான். 3 சீரிஸ்ல முன்னும் பின்னும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. நல்ல வழுக்கு ஐஸ்ல டயருக்குக் கிடைக்கிற பிடிப்பு, அது தாங்குற எடையில பத்துல ஒரு பங்குதான். பாதி எடையை வச்சுத் தள்ளுற வண்டி அந்த ஐஸ்ல 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏறுற சரிவோட நின்னுடும். அதுக்கு மேல சக்கரம் சுத்தும், வண்டி நகராது. மிதிபட்டு இறுகின பனின்னா பிடிப்பு ரெண்டு மடங்குக்கு மேல வரும். அப்போ ஊருக்குள்ள இருக்கிற சாதாரண மேடெல்லாம் ஏறிடலாம்.

ஆனா கிளம்பாத வண்டியால பெரிய ஆபத்து இல்லை. ஓடிட்டிருக்கும்போதுதான் விஷயமே. பின்சக்கரம் தள்ளவும் செய்யுது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா இன்ஜின் பிரேக்கிங் (இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது) முழுக்க அதே ரெண்டு சக்கரத்துலயே விழுது. அதனால ஆக்சிலரேட்டரைச் சட்டுனு மிதிச்சாலும் பின்பக்கம் வழுக்கும், சட்டுனு விட்டாலும் வழுக்கும். முதல் பாதியை எல்லாரும் சொல்லிடுவாங்க. வளைவுக்குள்ள போன பிறகு பயந்து காலைப் பட்டுனு தூக்கி, அதுலயே வண்டி சுத்திப்போறதைப் பத்தி யாரும் சொல்றதில்லை. பின்சக்கரத்துக்குப் போற எந்த மாற்றமும் மெதுவா போகணும். கீழே எழுதுறதெல்லாம் இதை ஒட்டித்தான்.

டயர். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழ போனா சம்மர் டயரோட ரப்பர் இறுகிடும். காய்ஞ்ச ரோட்டுல கூடப் பிடிப்பு குறையும். பக்கவாட்டுல மூணு சிகரம் உள்ள மலையும் அதுக்குள்ள பனிப்பூவும் போட்ட குறி இருக்கான்னு பாருங்க. வெறும் எம் பிளஸ் எஸ்னு (சேறும் பனியும்) மட்டும் இருந்தா நம்ப வேண்டாம். அது டயர் பட்டனோட (ரோட்டைத் தொடுற பக்கத்துல வெட்டியிருக்கிற பள்ளம் மேடு) வடிவத்தைச் சொல்லுது, ரப்பரைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. பட்டன் ஆழம் சட்டப்படி எவ்வளவா இருந்தாலும் 4 மி.மீ.க்குக் கீழ போனா பனியில வேலைக்கு ஆகாது. செகண்ட் ஹேண்ட் டயர்னா பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கிற டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்க: 3521ன்னு இருந்தா 2021ஆம் வருஷம் 35ஆவது வாரம் செஞ்சது.

"பின்னால தானே தள்ளுது, ரெண்டு மட்டும் போட்டாப் போதாதா?"ன்னு கண்டிப்பா தோணும். போதாது. பின்னால மட்டும் போட்டா வண்டி ஜோரா கிளம்பும். முதல் திருப்பத்துல முன்சக்கரம் பிடிக்காம நேரா போய் நடைபாதையில ஏறும். நாலும் ஒரே ரக டயரா இருக்கணும்.

3 சீரிஸ்ல ஸ்போர்ட் ரிம் போட்ட வண்டின்னா முன்னால 225, பின்னால 255ன்னு அகலம் மாறியிருக்கும். குளிருக்கு அதை விட்டுட்டு நாலும் ஒரே அளவு, குறுகலான டயர், ஒரு இன்ச் சின்ன ரிம்னு போங்க. அகல டயர் பனி மேல மிதக்கும், குறுகின டயர் பனியை வெட்டிக் கீழ இறங்கும். எந்த அளவு ஒத்துப்போகும்னு வண்டியோட மேனுவல்ல இருக்கும். இன்னொண்ணு, குளிர் 10 டிகிரி இறங்கினா காத்து அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ குறையும். மாசம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகிறதுக்கு முன்னாடி பாருங்க.

கிளம்புறது. முன்சக்கரம் நேரா இருக்கட்டும். திருப்பி வச்சா அதுவே ஒரு தடை. பிரேக்கை மெதுவா விடுங்க, பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் தொடாமயே ஊர்ந்து நகரும். ஸ்னோ அல்லது விண்டர் மோட் இருந்தா போடுங்க. பல ஆட்டோமேட்டிக்ல அது ரெண்டாவது கியர்ல கிளப்பும், சக்கரத்துக்குப் போற விசை குறையும். மேனுவல்னா நீங்களே ரெண்டாவதுல எடுங்க. சக்கரம் சுத்தினா உடனே நிறுத்துங்க. சுத்தச் சுத்தப் பனி உருகி அங்கயே கண்ணாடி மாதிரி உறையும், அப்புறம் இன்னும் கஷ்டம்.

மாட்டிக்கிட்டா முதல்ல மண்வெட்டி. பின்சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் ஒரு மீட்டர், வண்டிக்கு அடியில தட்டி நிக்கிற பனி, ரெண்டையும் எடுங்க. மணலோ, உருண்டை கட்டாத ரகப் பூனை மணலோ (வீட்டுப் பூனை மலம் கழிக்கப் போடுற மணல்) தூவுங்க. இந்த ஒரு நேரத்துலதான் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் (வண்டி வழுக்கினா தானா அடக்குற வசதி) பட்டனைத் தொடலாம். பிஎம்டபிள்யூல டிஎஸ்சி, மெர்சிடிஸ்ல ஈஎஸ்பி, டொயோட்டாவுல விஎஸ்சின்னு பேர் மாறும். பிஎம்டபிள்யூல பட்டனை ஒரு தட்டுத் தட்டினா டிடிசி வரும், கொஞ்சம் சுத்த அனுமதிக்கும், அதுவே போதும். முழுசா அணைச்சா, ஒரு சக்கரம் மட்டும் சுத்தும்போது அதைப் பிரேக் போட்டு அடக்கி இன்னொண்ணுக்கு விசை அனுப்புற உதவியும் பல வண்டியில போயிடும். டி, ஆர்னு மாத்தி ஆட்டி எடுக்கிறதா இருந்தா வண்டி முழுசா நின்ன பிறகுதான் மாத்தணும். நாலஞ்சு தடவைக்கு மேல வேண்டாம், கியர்பாக்ஸ் ஆயில் சூடேறும். வெளிய வந்ததும் டிஎஸ்சியைத் திரும்பப் போட மறக்காதீங்க.

இன்ஜினை ஓடவிட்டு உள்ளயே உக்காந்திருக்கிறதா இருந்தா சைலன்சர் வாய்ப் பனியால அடைபடாம இருக்கான்னு இறங்கிப் பாருங்க, அடிக்கடி. அடைபட்டா கார்பன் மோனாக்சைடு உள்ள வரும். வாசனை கிடையாது, ஆளைக் கொன்னுடும்.

வளைவு, பிரேக். பிரேக் வேலை எல்லாம் நேர் ரோட்டுலயே முடியணும். வளைவுக்குள்ள ஆக்சிலரேட்டரை லேசா, ஒரே அளவா பிடிச்சுக்கங்க. ஸ்டியரிங் நேராகிட்டு வரும்போதுதான் கூட்டணும். 50 கி.மீ. வேகத்துல பிரேக் போட்டா, காய்ஞ்ச ரோட்டுல பதிமூணு மீட்டர் மாதிரி ஓடி நிக்கிற வண்டி, இறுகின பனியில 40 மீட்டர், ஐஸ்ல 100 மீட்டர் ஓடும். பிரேக் மிதிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்கிற நேரத்துல ஓடுறது தனி. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற வசதி) வேலை செய்யும்போது பெடல் படபடன்னு அடிக்கும். பயந்து காலை எடுக்காம அழுத்திப் பிடிங்க.

ஆட்டோமேட்டிக்ல இன்னொரு விஷயம். குளிர்ந்த இன்ஜின் வழக்கத்தை விட வேகமா ஐடில் ஓடும். சிக்னல்கிட்ட ஐஸ்ல நிறுத்தும்போது முன்சக்கரம் நிக்கப் பார்க்கும், பின்சக்கரம் இன்னும் தள்ளிக்கிட்டே இருக்கும். கடைசிப் பத்து இருபது மீட்டர்ல நியூட்ரல் போட்டா வித்தியாசம் நல்லா தெரியும். மேனுவல்ல இறக்கத்துல கியரைக் குறைச்சா கிளட்ச்சை மெதுவா விடுங்க. பட்டுனு விட்டா பின்சக்கரம் மட்டும் ஹேண்ட் பிரேக் போட்டது போல நின்னுடும். வேகத்தைத் தானா ஒரே அளவா பிடிச்சு வைக்கிற குரூஸ் கண்ட்ரோல் குளிர்காலம் முழுக்க வேண்டாம்.

பின்பக்கம் வழுக்கிடுச்சுன்னா: ஆக்சிலரேட்டரை மெதுவா தளர்த்துங்க, பிரேக்கைத் தொடாதீங்க. பின்பக்கம் வலது பக்கமா போகுதுன்னா ஸ்டியரிங்கும் வலது பக்கம். கண்ணு போக வேண்டிய ரோட்டுல இருக்கட்டும், மரத்துல வேண்டாம். பலரும் இதோட நிறுத்திடுவாங்க. பிடிப்பு திரும்பக் கிடைக்கிற நொடியில ஸ்டியரிங்கையும் உடனே நேராக்கணும். தாமதிச்சா வண்டி எதிர்ப்பக்கமா இன்னும் வேகமா அடிக்கும், அந்த ரெண்டாவது அடியைப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். முழுசா சுத்த ஆரம்பிச்சுட்டா பிரேக்கை முழுசா அழுத்துங்க, மேனுவல்னா கிளட்ச்சும் சேர்த்து. முன்பக்கம் திரும்பாம நேரா போனா, இன்னும் ஒடிக்காம ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி எடுங்க, வேகம் குறைஞ்சதும் டயர் தானா பிடிக்கும்.

மைனஸ் 15ஐ விடப் பூஜ்யத்தை ஒட்டின நாளுக்குப் பயப்படுங்க. ஐஸ் மேல மெல்லிசா தண்ணி நிக்கும்போதுதான் வழுக்கு அதிகம். பாலம், மேம்பாலம் முதல்ல உறையும். மர நிழல் விழுற ரோடு கடைசியா உருகும். ஐஸ் உருக ரோட்டுல தூவுற சாதாரண உப்பு மைனஸ் 10க்குக் கீழ பெருசா வேலை செய்யாது.

கேள்வி:
ரொம்ப நன்றிங்க. டிக்கில மணல் மூட்டை போடணும்னு ஒருத்தர் சொல்றார், உண்மையா?

பதில்:
பின்னால காலியா ஓடுற பிக்கப்புக்கு அவசியம். அச்சுக்கு நேர் மேல 100 கிலோ வரைக்கும் போடுவாங்க. உங்க வண்டிக்கு நல்ல டயர் இருந்தா தேவையில்லை. போட்டே ஆகணும்னா 20 கிலோ மூட்டை ரெண்டு, பின்சீட்டு முதுகோட ஒட்டி, நகராம கட்டி வைங்க. டிக்கி வாசல் ஓரமா வச்சா முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் பிடிப்பு குறையும். வழுக்க ஆரம்பிச்சா அந்த எடையே பின்பக்கத்தை வீசும். கட்டாம விட்டா மோதும்போது சீட்டுக்குத்தான் பாயும். இதுக்குப் பதிலா டேங்கை நிரப்பி வைங்க. 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோ வரும், டேங்க் இருக்கிறது பெரும்பாலும் பின்சீட்டுக்கு அடியிலதான்.

இன்னொருவர்:
பனியில பிடிப்புக்காக ரயருக்கு மேல பூட்டுற சங்கிலி பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதால இது. இந்தக் காருக்குப் பின் சில்லு (சக்கரம்) ரெண்டுக்கும்தான் பூட்டோணும். முன்னுக்குப் பூட்டினால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் சுத்திக்கொண்டு வரும். வாங்க முதல் மனுவலைப் பாருங்கோ. சில ரயர் அளவுக்குச் சங்கிலி போடக் கூடாது எண்டு இருக்கும், உள்பக்கத்தில இடம் காணாது. நல்ல வெளிச்சத்தில ஒருக்காப் பூட்டிக் கழட்டிப் பழகுங்கோ. இருட்டில, விறைச்ச கையோட முதல்தரம் பூட்டுறது சரிவராது. பூட்டிக் கொஞ்சத் தூரம் ஓடி, நிப்பாட்டித் திரும்ப இறுக்கோணும். 50 கி.மீ.க்கு மேல ஓட வேண்டாம். முன் சில்லில சங்கிலி இல்லை எண்டதையும் மறக்காதேங்கோ, திருப்பங்களில அது பழையபடி வழுக்கும்.

சட்டம் இடத்துக்கிடம் வேற. ஜேர்மனியில திகதிக் கணக்கு இல்லை. றோட்டில பனி, ஐஸ் இருந்தால் விண்டர் ரயர் கட்டாயம், 2024 ஒக்டோபரில இருந்து மேல சொன்ன மலைக் குறியும் வேணும். கனடாவில கியூபெக் மாகாணத்தில டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். அங்கயே ஒன்ராறியோ மாகாணத்தில கட்டாயமில்லை, ஆனால் விண்டர் ரயர் போட்டால் இன்சூரன்ஸ் கம்பனி கட்டணத்தில கழிவு (தள்ளுபடி) தரோணும், கேட்டு வாங்குங்கோ. ஐஸில பிடிக்கிறதுக்கு ஆணி பதிச்ச ஆணி ரயரை யோசிச்சு வாங்குங்கோ: ஜேர்மனியில தடை, ஒன்ராறியோவில வடக்குப் பகுதிக்கு மட்டும், நோர்வேயில ஒஸ்லோவுக்குள்ள ஓட்டக் காசு கட்டோணும்.

கேள்வி:
எலக்ட்ரிக் காருக்கும் இதேதானா அண்ணா? பின்னால ஒத்த மோட்டார் உள்ள வண்டி எடுக்கலாம்னு இருக்கேன்.

பதில்:
அடிப்படை அதேதான் தம்பி. மோட்டார் விசையை ரொம்ப வேகமா கூட்டிக் குறைக்க முடியுங்கிறதால சக்கரம் சுத்துறதை அது பெட்ரோல் வண்டியை விட நல்லா அடக்கும். பார்க்க வேண்டியது ரீஜென், அதாவது மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிச்சு அந்தக் கரண்டைப் பேட்டரிக்கு அனுப்புறது. காலை எடுத்தாலே பின்சக்கரம் மட்டும் பிரேக் பிடிக்கும். ஒரு பெடல்லயே ஓட்டிப் பழகின காலுக்கு ஐஸ்ல இதுதான் வில்லங்கம். ஹூண்டாய் ஐயோனிக் 5ல ஸ்டியரிங் பின்னால இருக்கிற பேடிலைத் தட்டி ரீஜெனைக் குறைச்சுக்கலாம். ஃபோக்ஸ்வாகன் ஐடி வண்டிகள்ல ரீஜென் அதிகமா உள்ள பி நிலையை விட்டுட்டு டி போடுங்க. ஸ்னோ மோட் இருந்தா அதையும் போடுங்க.

குளிர்ந்த பேட்டரி ரீஜென் கரண்டை வாங்கிக்காது. அதனால காலைல காலை எடுத்தா வண்டி நிக்காம ஓடிட்டே இருக்கும். பேட்டரி சூடானதும் அதே காலுக்கு இழுத்துப் பிடிக்கும். ஒரே பயணத்துக்குள்ள ரெண்டு விதமா நடந்துக்கும். முதல் சில கி.மீ. பிரேக் பெடலை நம்பி ஓட்டுங்க. சில வண்டியில அணைச்சுப் போட்டா ரீஜென் பழைய அளவுக்கே போயிடும், அதனால ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் திரையில ஒரு பார்வை பார்த்துக்கங்க.